பதினாறில் பறந்தவர்கள் இருபத்தாறில் எங்கே?

1992 செப்டம்பரில் சியோலில் உலக ஜூனியர் தடகளப் போட்டி நடந்தது. ஆண்கள் 5000 மீட்டரில் முதலில் வந்தவர் எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி. கடைசி மீட்டர் வரை அவரை விடாமல் ஒட்டிக்கொண்டு வந்து, மயிரிழையில் தங்கத்தைத் தவறவிட்டவர் கென்யாவின் இஸ்மாயில் கிருயி. இருவருக்கும் நன்றாகப் பின்னால், தனியாக ஓடி வந்து வெண்கலம் வாங்கினார் மொராக்கோ பையன் ஒருவர். பெயர் ஹிஷாம் எல் கெரூஜ்.

அடுத்த ஆண்டு ஸ்டுட்கார்ட்டில் பெரியவர்களுக்கான உலக சாம்பியன்ஷிப். கிருயிக்கு அப்போது 18 வயது. 5000 மீட்டரில் ஹைலேயை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு உலக சாம்பியன் ஆனார். 13:02.75 என்ற அந்த நேரம் அன்றைக்கு ஜூனியர் உலக சாதனை. 1995-ல் கோத்தன்பர்க்கில் மறுபடியும் தங்கம். இருபது வயதில் இரண்டு உலகப் பட்டங்கள். அதற்கு மேல் டிராக்கில் ஒரு உலகப் பதக்கம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஹைலே இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கி, 35 வயதில் பெர்லினில் 2:03:59 ஓடி மாரத்தான் உலக சாதனை படைத்தார். மூன்றாவதாக வந்த எல் கெரூஜ் 1998-ல் 1500 மீட்டரிலும் 1999-ல் மைல் ஓட்டத்திலும் வைத்த உலக சாதனைகள் கால் நூற்றாண்டு தாண்டியும் உடையவில்லை. 2004 ஏதென்ஸில் 1500, 5000 இரண்டிலும் அவருக்கே தங்கம்.

நெடுந்தூர ஓட்டத்தைத் தொடர்ந்து பார்க்கிறவர்களிடம் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விக்கு இந்த ஒரு பந்தயத்திலேயே மூன்று விதமான பதில் இருக்கிறது. "என் பையன் பதினைந்து வயதில் மாவட்டத்தில் முதலாவதாக வருகிறான், பெரிய ஆளாக வருவானா?" ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் எந்த வயதில், யாரோடு ஓடி, எந்த உடம்போடு ஜெயித்தான் என்று தெரிந்தால் ஓரளவு சொல்லலாம்.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். ஜெர்மனியைச் சேர்ந்த ஆர்னே குல்லிச்சும் அவருடைய சகாக்களும் 2023-ல் ஒரு பெரிய தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். ஓட்டம் மட்டுமல்ல, பல விளையாட்டுகளிலிருந்தும் ஏற்கெனவே நடந்த ஆய்வுகளைத் திரட்டி எடுத்த கணக்கு அது. 17, 18 வயதுக்குட்பட்டோர் பிரிவில் சர்வதேச அளவை எட்டியவர்களில் 89 சதவீதம் பேர் சீனியர் பிரிவில் அந்த அளவை எட்டவே இல்லை. திருப்பிப் பார்த்தால், சீனியர் பிரிவில் சர்வதேச அளவில் இருப்பவர்களில் 82 சதவீதம் பேர் அந்தச் சின்ன வயதில் சர்வதேச அளவில் இருந்தவர்கள் இல்லை. வெற்றி பெற்ற ஜூனியர்களும் வெற்றி பெற்ற சீனியர்களும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள் என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு.

இதைப் படித்துவிட்டுச் சிலர், சின்ன வயதில் ஜெயிப்பதால் பயனே இல்லை, அது கெடுதல்தான் என்கிற அளவுக்குப் போய்விடுகிறார்கள். அது தப்பு. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு ஜூனியர் நட்சத்திரங்கள் இருக்கிறார்கள், அவர்களில் 11 பேர் பின்னால் பெரிய ஆளாகிறார்கள். நட்சத்திரம் அல்லாத பத்தாயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களில் வெறும் 50 பேர் பெரிய ஆளாகிறார்கள். மொத்தம் 61. இதில் 50 பேர், அதாவது 82 சதவீதம், சின்ன வயதில் யாருக்கும் தெரியாதவர்கள். ஆனாலும் ஜூனியர் நட்சத்திரத்துக்கு நூற்றில் 11 வாய்ப்பு, மற்றவனுக்கு இருநூற்றில் ஒன்று. இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். சின்ன வயதில் ஜெயித்தவனுக்கு வாய்ப்பு கூடுதல் என்பதும் உண்மை, நாளைய நட்சத்திரங்களில் பெரும்பாலோர் இன்றைக்கு மேடையில் இல்லை என்பதும் உண்மை. இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை. ஓர் ஓட்டக்காரனின் அப்பா முதல் எண்ணைப் பார்க்க வேண்டும். ஒரு மாநிலத்துக்கே வீரர்களைத் தேர்வு செய்கிறவர் இரண்டாவது எண்ணைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது என்பது என் நெடுநாள் வருத்தம்.

சரி, இப்போது இதற்கு நேர் எதிரான ஒரு பட்டியல். கிராஸ் கன்ட்ரி என்பது டிராக்கை விட்டுப் புல், மண், மேடு பள்ளத்தில் ஓடும் நெடுந்தூர ஓட்டம். அதன் உலக சாம்பியன்ஷிப்பில் ஜூனியர் பிரிவில் ஜெயித்த ஆண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2001-ல் கெனெனிசா பெக்கெலே. 2002-ல் கெப்ரே கெப்ரமரியம். 2003-ல் எலியுட் கிப்சோகே. 2008-ல் இப்ராஹிம் ஜெயிலான், மூன்று வருடம் கழித்து 10,000 மீட்டர் உலக சாம்பியன். 2011-ல் ஜெஃப்ரி கம்வொரோர். 2017-ல் ஜேக்கப் கிப்லிமோ. எல்லாரும் பின்னால் சீனியரிலும் உலகப் பட்டம் வென்றவர்கள். பெண்கள் பட்டியல் இன்னும் பிரமிக்க வைக்கும். 2003-ல் திருனேஷ் டிபாபா, அதே ஆண்டு 18 வயதில் 5000 மீட்டர் உலக சாம்பியன். 2008, 2009-ல் அவருடைய தங்கை கென்செபே. 2011-லும் 2013-லும் ஃபெய்த் கிப்யெகான். 2015, 2017-ல் லெட்டெசென்பெட் கிடே. 2019-ல் பியாட்ரிஸ் செபெட், ஐந்து வருடம் கழித்து பாரிஸ் ஒலிம்பிக்கில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கியவர். இடையில் 2004, 2006 போன்ற ஆண்டுகளில் ஜெயித்தவர்களின் பெயர்கள் தீவிர ரசிகர்களுக்கு மட்டுமே நினைவிருக்கும். ஆனாலும் 2001 முதல் 2017 வரை ஜெயித்த ஆண்களில் பாதிக்கு மேல் சீனியர் பிரிவிலும் ஏதாவது ஓர் உலகப் பட்டம் வென்றிருக்கிறார்கள்.

ஜூனியர் வெற்றி எதையும் சொல்வதில்லை என்றால் இப்படி ஒரு பட்டியல் வந்திருக்காது. அப்படியானால் இந்தப் போட்டியில் மட்டும் என்ன விசேஷம்?

வயதுதான் முதல் காரணம். இது 20 வயதுக்குட்பட்டோர் பிரிவு, ஜெயிக்கிறவர்கள் பெரும்பாலும் 17 முதல் 19. வளர்ச்சி ஏறக்குறைய முடிந்துவிட்ட உடம்பு. அந்த வயதில் ஜெயித்தால், சக வயதுக்காரர்களைவிட முன்னால் வளர்ந்துவிட்டதால் ஜெயித்தான் என்று சொல்ல இடம் குறைவு. அடுத்தது, எதிரில் நிற்கிற ஆட்கள். கென்யா, எத்தியோப்பியா அணிகளில் இடம் பிடிப்பதே உலகப் போட்டியில் ஜெயிப்பதற்குச் சமமான கஷ்டம். அந்தச் சல்லடையில் சலித்து வந்தவர்களுக்குள் முதலாவதாக வருவதற்கும், ஐந்து பேர் ஓடும் பந்தயத்தில் முதலாவதாக வருவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். பிறப்புச் சான்றிதழ் சரியாக இல்லாத ஊர்களில் 18 என்று சொல்லி ஓடுகிறவருக்கு உண்மையில் 18 தானா என்ற சந்தேகம் ஜூனியர் போட்டிகளை எப்போதும் துரத்துகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் மட்டுமல்ல, இந்தியாவிலும் அதே கதைதான். உண்மையில் 21 வயதானவர் ஜூனியரில் ஜெயித்துவிட்டு, பின்னால் சீனியரிலும் ஜொலித்தால் அதில் முன்கணிப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை.

ஆட்களின் ஆழம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2018-ஐப் பார்க்கலாம். அந்த ஜூலையில் பின்லாந்தின் தாம்பரேயில் உலக ஜூனியர் போட்டி. நார்வேயின் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் 1500-ல் வெள்ளி, 5000-ல் வெண்கலம். இரண்டிலும் தோல்வி. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து பெர்லினில் பெரியவர்களின் ஐரோப்பிய சாம்பியன்ஷிப், அதே பையன் அடுத்தடுத்த நாட்களில் 1500, 5000 இரண்டிலும் தங்கம். வயது 17. தாம்பரேயில் 5000 மீட்டரில் அவரை வென்ற எட்வர்ட் சகாயோவின் பெயர் ஒலிம்பிக் பதக்கப் பட்டியலில் இல்லை. இரண்டாவதாக வந்த ஸ்டான்லி வைத்தாகா 2022 உலக சாம்பியன்ஷிப்பில் 10,000 மீட்டர் வெள்ளி வாங்கினார். மூன்றாவதாக வந்தவர் டோக்கியோவில் 1500 தங்கம், பாரிஸில் 5000 தங்கம். சியோல் 1992-ஐப் போலவே இங்கும் வெண்கலக்காரர் நிலைத்தார் என்பது தற்செயல். இதிலிருந்து விதி எதையும் எடுக்கக் கூடாது.

இனி உடம்புக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்தில் அதிகம் சொல்ல இருப்பது இங்கேதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிப் போட்டியில் 17 வயதுக்குட்பட்டோர் 3000 மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண் மைதானம், சுண்ணாம்புக் கோடு, ஏழரை ரவுண்டு. முன்னால் ஓடிய பையனுக்கு அரும்பு மீசை தாண்டி நல்ல மீசையே வந்துவிட்டது. தொடை முறுக்கேறி, ஆண்பிள்ளை உடம்பு. ஐந்தாவதாக ஓடிக்கொண்டிருந்தவன் அவன் தோளுக்குக்கூட வரமாட்டான். கீச்சுக் குரல், அண்ணனுடையதோ யாருடையதோ, இடுப்பில் நிற்காத டவுசரை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓடினான். இரண்டு பேரும் ஒரே வருடம் பிறந்தவர்கள். மீசைக்காரன் ஒரு ரவுண்டு இடைவெளியில் ஜெயித்தான். பி.இ.டி. சார் ஸ்டாப்வாட்சை நிறுத்திவிட்டு நோட்டில் மூன்று பெயர் எழுதினார்.

பையன்கள் சராசரியாக 14 வயதை ஒட்டி வேகமாக வளர்கிறார்கள். சராசரி என்றால் சிலருக்கு 12-லேயே, சிலருக்கு 16-ல். முன்னாலேயே வளர்ந்தவனுக்கு நீளமான கால், கூடுதல் தசை, பெரிய இதயம். ஆண் ஹார்மோன் ஏறும்போது ரத்தத்தில் ஹீமோகுளோபினும் ஏறுகிறது, ஆகவே தசைக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜனும் ஏறுகிறது. நெடுந்தூர ஓட்டமே ஆக்சிஜனை நம்பி இருப்பது. பயிற்சி ஒன்றும் கூடுதலாகச் செய்யாமலேயே அவனுக்கு இரண்டு வருட முன்தொகை கிடைத்துவிடுகிறது. 18, 19-ல் மற்றவர்களும் வந்து சேரும்போது அந்த முன்தொகை கரைந்துவிடும். அவன் சோம்பேறி ஆகிவிட்டான், கவனம் சிதறிவிட்டது என்று அப்போது திட்டுவார்கள். அவன் எதையும் இழக்கவில்லை, மற்றவர்கள் வளர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு ஏறத்தாழ தலைகீழ். அவர்கள் 12 வயதை ஒட்டியே வேகமாக வளர்கிறார்கள். நெடுந்தூரத்தில் 13, 14 வயதில் முன்னால் நிற்கிறவர்கள் பெரும்பாலும் இன்னும் பூப்படையாத, ஒல்லியான, எடை குறைந்த சிறுமிகள். பிறகு இடுப்பு அகலமாகிறது, உடம்பில் கொழுப்பு சேர்கிறது, எடை கூடுகிறது. இதயமும் நுரையீரலும் அந்தப் புதிய உடம்புக்கு ஈடுகொடுக்கக் கொஞ்ச காலம் ஆகும். ஒரு வருடம், இரண்டு வருடம் நேரம் முன்னேறாது, சிலருக்கு மோசமாகவும் ஆகும். இது இயற்கை. வெறுமனே காத்திருந்தால் போதும், ஆனால் யாரும் காத்திருப்பதில்லை. "வெயிட் போட்டுட்டா, அதான் ஓட முடியல" என்று ஒருவர் சொன்னால் போதும், அந்தப் பெண் தட்டில் சோற்றைக் குறைக்க ஆரம்பிப்பாள்.

சோறு குறைந்து ஓட்டம் குறையாவிட்டால் உடம்பு செலவைக் குறைக்கும். முதலில் மாதவிடாய் நிற்கும். எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் குறையும். வாழ்நாளுக்கான எலும்புச் சத்தில் ஏறத்தாழ கால் பங்கு, அந்த வேக வளர்ச்சியைச் சுற்றியுள்ள இரண்டே வருடத்தில்தான் சேர்கிறது. அந்த இரண்டு வருடத்தைப் பட்டினியில் கழித்தவளுக்குப் பின்னால் காலெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது ஓயாத அழுத்தத்தால் விழும் மெல்லிய விரிசல், வருவதில் ஆச்சரியம் இல்லை. விளையாட்டில் தேவைக்குக் குறைவான சக்தி என்ற பொருளில் 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கு ஒரு பெயரே வைத்தது, சுருக்கமாக ரெட்-எஸ். ஆண்களுக்கும் வரும், ஆனால் ஓட்டத்தில் பெண்களைத்தான் அதிகம் சாய்க்கிறது.

அமெரிக்காவின் மேரி கெய்ன் 2013-ல் 17 வயதில் மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பின் 1500 மீட்டர் இறுதிப் பந்தயத்தில் ஓடினார். 2014-ல் உலக ஜூனியர் 3000 மீட்டர் தங்கம். அதற்குப் பிறகு தேய்ந்து போனார். 2019-ல் அவரே வெளியே வந்து பேசினார். எடையைக் குறை, இன்னும் குறை என்று பயிற்சியாளர்கள் தன்னை வற்புறுத்தியதாகவும், மூன்று வருடம் மாதவிடாய் வரவில்லை என்றும், ஐந்து எலும்புகள் முறிந்தன என்றும் சொன்னார். அந்தப் பேச்சுக்குப் பிறகு பல நாட்டு ஓட்டக்காரிகள் "எனக்கும் இதேதான் நடந்தது" என்று எழுதினார்கள். சின்ன வயது நட்சத்திரங்கள் மறைவதற்குத் திறமைக் குறைவே காரணம் என்று இனி யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பாதிப் பேரை நாம்தான் ஒடித்தோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒடிந்தும் திரும்பி வந்தவர்கள் உண்டு. மேரி டெக்கர் 14 வயதில் 1973-ல் மின்ஸ்க் நகரில் சோவியத் வீராங்கனைகளுக்கு எதிராக 800 மீட்டரில் ஜெயித்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். வளர வளர முழங்காலுக்குக் கீழே தாங்க முடியாத வலி, அறுவை சிகிச்சை, காணாமல் போன வருடங்கள். 1983-ல் ஹெல்சின்கியில் 1500, 3000 இரண்டிலும் உலக சாம்பியன் ஆனபோது வயது 25. பிரிட்டனின் கெல்லி ஹோம்ஸ் பள்ளிக் காலத்தில் நாட்டின் சிறந்த 1500 ஓட்டக்காரிகளில் ஒருவர். 18 வயதில் ஓட்டத்தை விட்டுவிட்டு ராணுவத்தில் சேர்ந்து லாரி ஓட்டினார். 1992 ஒலிம்பிக்கை டி.வி.யில் பார்த்தபோது, தன்னோடு சின்ன வயதில் ஓடிய பெண் அங்கே ஓடிக்கொண்டிருந்தார். அப்புறம்தான் திரும்பி வந்தார். 2004 ஏதென்ஸில் 800, 1500 இரண்டிலும் தங்கம் வாங்கியபோது அவருக்கு 34 வயது.

பயிற்சி பற்றிச் சொல்லும்போது இரண்டு அமெரிக்கர்களின் பெயர் வராமல் இருக்காது. கன்சாஸைச் சேர்ந்த ஜிம் ரயன் 1964-ல், பள்ளி மாணவராக, ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடினார். அப்படி ஓடிய முதல் பள்ளி மாணவர் அவர்தான். 1965-ல் 3:55.3. அடுத்த ஆண்டே 19 வயதில் மைல் உலக சாதனை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் கிப் கேனோவுக்குப் பின்னால் வெள்ளி, 1972 ம்யூனிக்கில் முதல் சுற்றிலேயே இடறி விழுந்து வெளியேற்றம். அவருடைய பள்ளிச் சாதனை 36 வருடம் நின்றது. 2001-ல் ஆலன் வெப் 3:53.43 ஓடி அதை உடைத்தார். அந்தப் பந்தயத்தில் முதலில் வந்தவர் நம் சியோல் வெண்கலக்காரர் எல் கெரூஜ். வெப் ஐந்தாவது, ஆனால் அன்று மைதானமே கத்தியது வெப்புக்காகத்தான்.

வெப்பைத் தோற்றுப்போனவர் என்று எழுதுவார்கள். 2007-ல் அவர் ஓடிய 3:46.91 அன்றைக்கு அமெரிக்க மைல் சாதனை. பள்ளிக் காலத்தைவிட ஆறரை விநாடி வேகம். ஒலிம்பிக் பதக்கம் இல்லை என்பதற்காக அதை வீழ்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 18 வயதில் ஒரு பையனைப் பார்த்து ஒரு தேசமே அடுத்த உலக சாதனை என்று எழுதிவிட்டால், தேசிய சாதனைகூட ஏமாற்றமாகத் தெரிகிறது.

அப்படியானால் 16 வயதில் மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய இங்கெப்ரிக்ட்சன் மட்டும் எப்படித் தப்பினார்? அண்ணன்கள் ஹென்ரிக், பிலிப் இருவரும் அவருக்கு முன்னாலேயே ஐரோப்பிய 1500 பட்டம் வென்றவர்கள், வீட்டிலேயே வழி போட்டு வைத்திருந்தார்கள். அதைவிட முக்கியம், பயிற்சியின் அளவு. ஓடுகிற இடைவெளியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, தசை கடுமையாக உழைக்கும்போது ஏறும் லாக்டேட் எவ்வளவு என்று பார்ப்பார்கள். வரம்பைத் தாண்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நிறைய ஓடினார், ஆனால் தினமும் உயிரைக் கொடுத்து ஓடவில்லை. சின்ன வயதில் கடுமையான வேகப் பயிற்சியைத் தினமும் கொடுத்தால் நேரம் சீக்கிரம் குறையும், தேறுகிற இடமும் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆக்சிஜனை நம்பிய இயந்திரம் வருடக் கணக்கில் மெல்லக் கட்டப்படுவது. ஆனாலும் இந்த வீட்டை முன்மாதிரியாகக் காட்ட நான் தயங்குகிறேன். 2022-ல் தந்தையின் பயிற்சி நின்றது. 2023-ல் மூன்று சகோதரர்களும் அவர் தங்களை வன்முறையோடு நடத்தினார் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர் மறுத்தார். 2025-ல் யாக்கோப் தொடர்பான குற்றச்சாட்டிலிருந்து நீதிமன்றம் அவரை விடுவித்தது. பதக்கம் மட்டும் பார்த்து ஒரு வளர்ப்பு முறையைப் பின்பற்றக் கிளம்புகிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

குல்லிச் குழுவின் இன்னொரு ஆய்வையும் இங்கே சொல்லலாம். உலகத் தரத்தை எட்டிய பெரியவர்கள், தேசிய அளவோடு நின்றவர்களைவிடத் தங்கள் விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியிருந்தார்கள், சின்ன வயதில் வேறு பல விளையாட்டுகளும் ஆடியிருந்தார்கள், ஆரம்பத்தில் மெதுவாகவே முன்னேறியிருந்தார்கள். சின்ன வயதிலேயே உச்சம் தொட்டவர்களிடம் இவை எல்லாம் நேர்மாறாக இருந்தன.

இந்தியாவில் இப்போதைய இரண்டு பெரிய பெயர்களைப் பாருங்கள். அவினாஷ் சாப்ளே மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்துக்காரர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ராணுவத்தில் சேர்ந்து சியாச்சினில் காவல் இருந்தவர். முறையான ஓட்டமே 2015-ல் ராணுவ கிராஸ் கன்ட்ரியில்தான் தொடங்கியது, தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடும் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் அதற்கும் பின்னால். அப்போது இருபது வயது தாண்டிவிட்டது. 2022 காமன்வெல்த் வெள்ளி, 2023-ல் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கம், 2024-ல் 8:09.91, பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் பந்தயம். உத்தரப் பிரதேசத்தின் குல்வீர் சிங்கும் ராணுவம் வழியாக ஓட்டத்துக்கு வந்தவர்தான். 2025-ல் 5000 மீட்டரை 13 நிமிடத்துக்குள் ஓடிய முதல் இந்தியர் ஆனார், அதே வருடம் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம். 2017-ல் புவனேஸ்வரில் இதே இரட்டைத் தங்கத்தை வாங்கிய நம் புதுக்கோட்டை ஜி. லட்சுமணனுக்கு அப்போது வயது 27.

எதிர்ப்பக்கத்தில் புதியா சிங். 2006-ல் நான்கு வயதில் பூரிக்கும் புவனேஸ்வருக்கும் இடையே 65 கிலோமீட்டர், ஏழு மணி இரண்டு நிமிடம். நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்தது. அரசு தலையிட்டு அவன் நெடுந்தூரம் ஓடுவதைத் தடுத்தது, பிறகு விளையாட்டு விடுதியில் சேர்த்தது. பெரியவனான பின் அவன் பெயர் தேசியப் பதக்கங்களில் வரவில்லை. தடுத்ததால்தான் வீணானான் என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான்கு வயது எலும்பின் நுனியில் வளர்ச்சிக் குருத்து இன்னும் குருத்தாகவே இருக்கிறது. உலகத் தடகள அமைப்பு தன் போட்டிகளில் அந்த ஆண்டு முடிவதற்குள் 20 வயது ஆகாதவர்களை மாரத்தானில் சேர்ப்பதில்லை. தடுத்தவர்கள் பக்கம்தான் நான்.

நம் மாநிலத்தில் விளையாட்டு விடுதிக்கு ஏழாம், எட்டாம், ஒன்பதாம், பதினோராம் வகுப்புகளில் ஆள் எடுக்கிறார்கள். முதல் மூன்றும் 12 முதல் 14 வயதுக்குள். வளர்ச்சியில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் மிக அதிகமாக வேறுபடுகிற அதே இரண்டு மூன்று வருடம். ஸ்டாப்வாட்ச் மிகத் தவறாகச் சொல்லும் வயது அது. விடுதி என்றால் சாப்பாடு, படிப்பு, பின்னால் ஒதுக்கீட்டில் கல்லூரி, வேலை. ஒரு ஏழைக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும், அதனால் பெற்றோர் அந்த வயதிலேயே பிள்ளையை முடுக்குவதைக் குறை சொல்லவும் மாட்டேன். விடுதி வேண்டாம் என்பதல்ல என் பேச்சு. பதினாறு, பதினேழில் இன்னொரு கதவு அகலமாகத் திறந்திருக்க வேண்டும். பிந்தி வளர்கிறவனுக்கு இன்று அந்தக் கதவாக இருப்பது பெரும்பாலும் ராணுவம்தான். பெண் பிள்ளைகளுக்கு அந்த அளவுக்குத் திறந்த கதவு எது என்று தேடிப் பார்த்தால் மனசு கனக்கிறது.

ஒரு பதினைந்து வயது ஓட்டக்காரரைக் கூட்டி வந்து இவர் தேறுவாரா என்று கேட்டால் நான் நேரத்தைக் கடைசியாகத்தான் கேட்பேன். கடந்த ஒரு வருடத்தில் எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தான்? வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறான்? வாரம் இருபது கிலோமீட்டர் ஓடி பத்தரை நிமிடத்தில் 3000 ஓடுகிறவனும், வாரம் தொண்ணூறு ஓடி பத்து நிமிடத்தில் முடிக்கிறவனும் என் கண்ணுக்கு ஒன்றல்ல. முதலாமவனிடம் இன்னும் தொடாத இடம் நிறைய இருக்கிறது. பெண் என்றால், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, சாப்பிடுகிறாளா என்பது அதைவிட முக்கியம். அப்புறம் ஒன்று, யாரும் விசில் ஊதாத நாளிலும் ஓடப் போகிறாரா? உலக சாதனை படைத்த கிடேயே சின்ன வயதில் விளையாட்டு வகுப்பில் ஓட மாட்டேன் என்று அடம்பிடித்துப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர். ஆக, ஆசைகூடச் சிலருக்குப் பிந்தித்தான் வருகிறது.

அந்த 3000 மீட்டர் முடிந்ததும் மீசைக்காரப் பையன் மண்ணில் மல்லாந்து படுத்துவிட்டான், நண்பர்கள் தண்ணீர் தெளித்தார்கள். டவுசர் பையன் கோட்டைத் தாண்டி அதே வேகத்தில் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தான், திரும்பி வந்து அடுத்த பந்தயத்தை வேடிக்கை பார்த்தான். இரண்டு நிமிடத்தில் மூச்சு சாதாரணமாகிவிட்டது. அவன் பெயர் எனக்குத் தெரியாது, நோட்டிலும் இல்லை. பி.இ.டி. சார்களிடம் எனக்கு இருப்பது ஒரே ஒரு வேண்டுகோள். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது வந்தவர்களின் பெயரையும் எழுதுங்கள். பக்கத்தில் பிறந்த மாதம், இன்றைய உயரம், எத்தனை மாதமாக ஓடுகிறார்கள் என்பதையும் குறித்து வைத்து, அந்த நோட்டைத் தூக்கிப் போடாமல் மூன்று வருடம் கழித்து எடுத்துப் பாருங்கள்.